என்.எஃப்.எல் அட்டவணை கஷ்டமா, சுலபமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் என்.எஃப்.எல் கால்பந்து லீக்கின் அட்டவணை வெளியான அன்றே எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறிவிடும். எங்கள் அணியான சின்சினாட்டி பெங்கால்ஸின் 17 ஆட்டங்கள். தேதி, நேரம், எதிரணி. ஜெயித்துவிடலாம் என்று தோன்றும் ஆட்டத்துக்குப் பச்சை மையில் டிக். உதை வாங்கப்போகிறோம் என்று தோன்றுவதற்குச் சிவப்பில் ஒரு வட்டம். வீட்டுக்கு வருகிற நண்பர்கள் காபியை ஆற்றிக்கொண்டே அந்தத் தாளைப் பார்த்து, "என்ன, இந்த வருஷம் அட்டவணை கஷ்டமா?" என்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் 2024 சீசனை வைத்தே பேசுகிறேன். அந்த வருஷத்துத் தாளை இன்னும் கிழித்துப் போடவில்லை. கால்பந்து என்று இங்கே சொல்வது அமெரிக்கக் கால்பந்தை. காலுக்கும் பந்துக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லாத அந்த ஆட்டத்தை.

எல்லா அணிகளும் 17 ஆட்டம்தானே ஆடுகின்றன? ஒருவருக்குக் கஷ்டம், ஒருவருக்குச் சுலபம் என்பது எங்கிருந்து வருகிறது?

லீக்கில் 32 அணிகள். ஏ.எஃப்.சி, என்.எஃப்.சி என்று இரண்டு கான்ஃபரன்ஸ். ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள் கொண்ட நான்கு டிவிஷன். சொந்த டிவிஷனில் இருக்கும் மூன்று அணிகளோடும் இரண்டிரண்டு முறை மோத வேண்டும். ஆக, 17 ஆட்டங்களில் ஓர் அணி சந்திப்பது 14 எதிரணிகளைத்தான். மீதி 17 அணிகளை அந்த வருஷம் லீக் ஆட்டங்களில் கண்ணிலேயே பார்க்காது. யாரைப் பார்க்காமல் தப்பித்தோம், யாரிடம் போய் மாட்டினோம் என்பதில்தான் எல்லாப் பேச்சும்.

எதிரணிகளை யார் முடிவு செய்கிறார்கள்? லீக் ஓர் அணியைக் குறிவைத்து மாட்டிவிட முடியுமா?

எதிரணிகளைப் பொறுத்தவரை முடியாது. ஹூஸ்டன் டெக்சன்ஸ் 32-ஆவது அணியாகச் சேர்ந்த 2002 முதல் ஒரே வாய்ப்பாடுதான். 2021-இல் 17-ஆவது ஆட்டம் ஒன்று கூடியது, அவ்வளவே.

பெங்கால்ஸின் 2024 கணக்கைப் பாருங்கள். ரேவன்ஸ், ஸ்டீலர்ஸ், பிரவுன்ஸ் மூவரோடும் இரண்டிரண்டாக 6 ஆட்டம். சொந்தக் கான்ஃபரன்ஸில் சுழற்சி முறையில் அந்த வருஷம் விழுந்தது ஏ.எஃப்.சி வெஸ்ட், அதனால் சீஃப்ஸ், சார்ஜர்ஸ், பிராங்கோஸ், ரெய்டர்ஸ். எதிர்க் கான்ஃபரன்ஸில் விழுந்தது என்.எஃப்.சி ஈஸ்ட், அதனால் ஈகிள்ஸ், கவ்பாய்ஸ், கமாண்டர்ஸ், ஜயன்ட்ஸ். இதுவரை 14 ஆட்டம். இவற்றுக்கும் போன வருஷம் எந்த இடத்தில் முடித்தோம் என்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மிச்சம் 3 ஆட்டம் மட்டும் வேறு டிவிஷன்களில் நம்மைப் போலவே அதே இடத்தில் முடித்தவர்களோடு. 2023-இல் பெங்கால்ஸ் டிவிஷனில் கடைசி. ஆகவே மற்ற மூன்று டிவிஷன்களின் கடைசி அணிகளான பேட்ரியட்ஸ், டைட்டன்ஸ், பேந்தர்ஸ் வந்தார்கள்.

யாரோடு ஆடப்போகிறோம் என்பது சீசன் முடிகிற ஜனவரியிலேயே தெரிந்துவிடும். மே மாதம் வெளியாவது எப்போது ஆடுகிறோம் என்பது மட்டும். மொத்தம் 272 ஆட்டங்களை 18 வாரங்களில் அடுக்க வேண்டும். ஒரு காலத்தில் வால் பின்ச்பெக் என்பவர் பலகையில் சீட்டுகளை மாட்டி மாட்டிக் கையாலேயே அடுக்கினார். இப்போது கணினிகள் போட்டுத்தருகிற எக்கச்சக்கமான அட்டவணைகளில் ஒன்றை எடுக்கிறார்கள். டிவி நிறுவனங்களின் செல்வாக்கு செல்லுபடியாவது இந்த இடத்தில்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

செய்தியில் வரும் கஷ்டப் பட்டியலை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஷெட்யூல்' என்கிறார்கள். பெயர்தான் பெரிது, கணக்கு ஒன்றாம் வகுப்புக் கூட்டல். உங்கள் 17 ஆட்டங்களின் எதிரணிகள் போன வருஷம் எத்தனை ஜெயித்தன என்று கூட்டுங்கள். டிவிஷன் அணிகளை இரண்டு முறை சேர்த்துக்கொள்ளுங்கள். 17 ஆட்டம், ஆளுக்கு 17 முடிவு, மொத்தம் 289. அதால் வகுத்தால் வருவதுதான் எண்.

பெங்கால்ஸுக்கு: ரேவன்ஸ் 13, பிரவுன்ஸ் 11, ஸ்டீலர்ஸ் 10; இரட்டித்தால் 68. ஏ.எஃப்.சி வெஸ்ட் நால்வரும் சேர்ந்து 32. என்.எஃப்.சி ஈஸ்ட் 33. கடைசி மூவர் 12. மொத்தம் 145. 289-ஆல் வகுத்தால் 0.502. நட்டநடு. கஷ்டமும் இல்லை, சுலபமும் இல்லை என்பது இதன் பொருள்.

கடைசி இடம் பிடித்தால் அடுத்த வருஷம் சுலபமான அட்டவணை கிடைக்கும் என்கிறார்களே?

கிடைப்பது மூன்றே மூன்று ஆட்டத்தில் ஒரு சலுகை. அதுவும் தாளில் தெரிகிற அளவுக்குத் தரையில் இருப்பதில்லை.

2024-இல் லீக்கிலேயே கஷ்டமான அட்டவணை என்று அறிவிக்கப்பட்டது கிளீவ்லண்ட் பிரவுன்ஸுடையது: 289-இல் 158, அதாவது 0.547. பெங்கால்ஸும் அதே டிவிஷன்தான். வித்தியாசம் முக்கியமாக அந்த மூன்று ஆட்டத்தில் வந்தது. இரண்டாம் இடத்தில் முடித்ததால் பிரவுன்ஸுக்கு டால்ஃபின்ஸ், ஜாகுவார்ஸ், செயின்ட்ஸ் வந்தார்கள். 2023-இல் இந்த மூவரும் சேர்ந்து 29 வெற்றி. நமக்கு வந்த மூவரும் சேர்ந்து வெறும் 12. 17 வெற்றி இடைவெளி! எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரே கொண்டாட்டம்.

2024 சீசன் முடிந்தபோது டால்ஃபின்ஸ் 8, ஜாகுவார்ஸ் 4, செயின்ட்ஸ் 5. கூட்டினால் 17. நம்முடைய மூவர் மறுபடியும் அதே 12. 17 ஆக இருந்த இடைவெளி 5 ஆகிவிட்டது.

அப்படியானால் அந்தப் பட்டியல் பலிப்பதே இல்லையா?

சில வருஷம் பலிக்கும். 2022-இல் சுலபமான அட்டவணைகள் மொத்தமும் என்.எஃப்.சி ஈஸ்ட் பக்கம் குவிந்திருந்தன. அந்த வருஷம் ஈகிள்ஸ் 14, கவ்பாய்ஸ் 12 என்று ஜெயித்துத் தள்ளினார்கள். அதே வருஷம் கஷ்டத்தில் முதலிடம் நடப்பு சாம்பியனான லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு, 0.567. அவர்கள் 5 வெற்றி, 12 தோல்வி என்று முடித்தார்கள். ஆனால் அந்த வருஷம் ஸ்டாஃபோர்ட், கூப்பர் கப், ஆரன் டொனால்ட் என்று தூண்கள் ஒவ்வொன்றாகக் காயத்தில் சாய்ந்தன. பழியை அட்டவணைமேல் போடுவதா, மருத்துவ அறிக்கைமேல் போடுவதா?

2021 இன்னும் வேடிக்கை. கஷ்டத்தில் முதல் ஸ்டீலர்ஸ், 0.574. சுலபத்தில் முதல் ஈகிள்ஸ், 0.430. முடிவு: ஸ்டீலர்ஸ் 9 வெற்றி, 7 தோல்வி, ஒரு சமநிலை, ஈகிள்ஸ் 9 வெற்றி, 8 தோல்வி. இருவருமே பிளேஆஃப், அதாவது சாம்பியனை முடிவு செய்யும் நாக்அவுட் சுற்றுக்குப் போனார்கள்.

என் 2024 தாளுக்கே வருகிறேன். 2023-இல் 4 ஆட்டம் மட்டுமே ஜெயித்த கமாண்டர்ஸுக்குப் பச்சை டிக் போட்டிருந்தேன். ஜேடன் டேனியல்ஸ் என்ற புதுப் பையன் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வந்து இறங்கினான், 12 ஜெயித்தார்கள். சார்ஜர்ஸுக்கும் பச்சை. ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்ததும் 5 வெற்றி 11 ஆனது. கவ்பாய்ஸுக்குச் சிவப்பு வட்டம். அவர்கள் 12-இலிருந்து 7-க்கு இறங்கினார்கள். பிரவுன்ஸுக்கு இரண்டு சிவப்பு வட்டம். 11-இலிருந்து 3-க்கு விழுந்தார்கள். 14 எதிரணிகளில் 6 அணிகளுக்கு வெற்றிக் கணக்கு நான்கோ அதற்கு மேலோ மாறியிருந்தது. இதில் நடு என்றும் 0.502 என்றும் சொல்வதற்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷ எண்ணில் இரண்டு அணிகளுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நான் பேசுவேன். அதுவே தாராளம்.

எதிரணி எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்பதாவது நம்பகமான கணக்குதானே?

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2022 மினசோட்டா வைக்கிங்ஸ் 13 ஜெயித்து 4 தோற்றார்கள். ஆனால் அந்த சீசன் முழுக்க அவர்கள் எடுத்த புள்ளிகள் 424, விட்டுக்கொடுத்தவை 427. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த 11 ஆட்டங்களிலும் ஜெயித்திருந்தார்கள். ஜெயித்ததில் பெரும்பாலானவை மயிரிழையில், தோற்றதெல்லாம் அடி உதையோடு. அடுத்த வருஷ அட்டவணையில் வைக்கிங்ஸ் பெயர் இருந்தவர்கள் எல்லாரும் 13 வெற்றி அணி என்று கூட்டிக்கொண்டார்கள். 2023-இல் அவர்கள் ஜெயித்தது 7.

எத்தனை ஜெயித்தார்கள் என்பதைவிட மொத்தப் புள்ளி வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்பது மேல்.

சரி, வேறு எதைத்தான் பார்ப்பது?

சீசன் தொடங்குமுன் லாஸ் வேகாஸ் பந்தய நிறுவனங்கள் ஒவ்வோர் அணிக்கும் இத்தனை வெற்றி என்று ஒரு கோடு போடும். 17 எதிரணிகளின் அந்தக் கோடுகளைக் கூட்டுங்கள். வாரன் ஷார்ப் போன்ற அலசல்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். புது குவார்ட்டர்பேக், புது பயிற்சியாளர், முழங்காலில் அறுவை சிகிச்சை முடித்தவர் எப்போது திரும்புவார் என்பதெல்லாம் அந்த எண்ணில் ஏற்கெனவே கலந்திருக்கும். பணம் போட்டவன் போன வருஷத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான் அல்லவா. பந்தயம் கட்டுங்கள் என்று சொல்லவில்லை. எண்ணை மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதுவும் ஊகம்தான். 2023 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் ஜெட்ஸின் புது குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் நான்காவது முறை பந்தைக் கையாண்டபோதே குதிகால் தசைநார் அறுந்து சீசனை முடித்துக்கொண்டார். ஜெட்ஸ் பெயர் இருந்த அத்தனை அட்டவணைகளும் அந்த நிமிஷம் சுலபமாகிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு எதிரே நின்ற பஃபலோ பில்ஸ் அதற்குப் பிறகும் 22-16 என்று தோற்றார்கள்.

ஆட்டங்களின் வரிசை முக்கியமா? யாரோடு என்பது மாறாதபோது எப்போது என்பதில் என்ன வந்தது?

என்னைக் கேட்டால் பாதி விஷயமே அதில்தான் இருக்கிறது. பட்டியல் போடுபவர்கள் கண்ணில் அது படுவதேயில்லை.

2024 டிசம்பர் 8 அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 10 வெற்றி, 3 தோல்வி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். அடுத்து வந்தவை: 15-ஆம் தேதி ஞாயிறு ஃபிலடெல்ஃபியாவில் ஈகிள்ஸ், 21 சனி பால்டிமோரில் ரேவன்ஸ், 25 புதன், கிறிஸ்துமஸ் அன்று, சீஃப்ஸ். 11 நாளில் மூன்று ஆட்டம். ஒருவரை ஒருவர் மோதித் தள்ளுவதே தொழிலாக இருக்கும் விளையாட்டில், வாரத்துக்கு ஒன்றே உடம்பு தாங்காத இடத்தில், இது. அதுவும் எதிரே நின்றவர்கள் அந்த சீசனை முறையே 14, 12, 15 வெற்றிகளோடு முடித்தவர்கள். மூன்றிலும் தோல்வி: 27-13, 34-17, 29-10. அந்த அடியிலிருந்து எழவேயில்லை. கடைசி ஆட்டத்தில் எங்களிடமும் 19-17 என்று தோற்று, 10 வெற்றி, 7 தோல்வி (10-7) என்று சீசனை முடித்தார்கள்.

இதே மூன்று ஆட்டத்தை செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று என்று பரப்பியிருந்தால்? கூட்டுத்தொகை இம்மிகூட மாறியிருக்காது. பட்டியலில் ஸ்டீலர்ஸ் இருக்கும் இடமும் மாறியிருக்காது. நான் முன்பு சொன்ன டிவி செல்வாக்கு இதுதான். கிறிஸ்துமஸ் புதன்கிழமையில் வந்தது. அன்றைக்கு ஆட்டம் வேண்டும் என்று முடிவானது. நான்கு அணிகளை அதற்காகச் சனிக்கிழமைக்கு நகர்த்தினார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சீஃப்ஸுக்கும் அதே 11 நாளில் மூன்று ஆட்டம்தான். மூன்றையும் ஜெயித்தார்கள். ஆழமான அணிக்கும் ஆள் பற்றாத அணிக்கும் ஒரே நெருக்கடி ஒரே மாதிரி வலிப்பதில்லை.

ஓய்வு நாள்களை எப்படி எண்ணுவது?

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நமக்கு எத்தனை நாள் ஓய்வு, எதிராளிக்கு எத்தனை நாள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பாருங்கள். நமக்கு மட்டும் குறைவு என்றால்தான் அது இழப்பு. ஞாயிறு ஆடிவிட்டு வியாழன் ஆடுவது இருவருக்கும் பொது என்றால் ஓய்வில் வித்தியாசம் பூஜ்யம். ஆனால் பயணம் செய்கிறவன் ஒருவன்தான். 2024 நவம்பர் 3 ரெய்டர்ஸோடு ஆடிய பெங்கால்ஸ் 7-ஆம் தேதி பால்டிமோரில் நின்றார்கள். 38 நொடி மிச்சம் இருக்கையில் இரண்டு புள்ளி முயற்சி தவறி, 35-34 என்று தோல்வி. அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

லண்டன் ஆட்டங்கள் தனிக் கதை. 2023-இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அடுத்தடுத்து இரண்டு வாரம் அங்கே ஆடினார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். இரண்டாவது வாரம் எதிரணியான பில்ஸ் வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை, ஆட்டம் ஞாயிறு. தூக்கக் கலக்கம் தெளியுமுன்பே ஆட்டம் தொடங்கி, 25-20 என்று ஜாகுவார்ஸ் ஜெயித்தார்கள். அடுத்த வருஷமும் அதே மாதிரி இரண்டு வாரம். முதல் வாரம் பேர்ஸிடம் 35-16 என்று நொறுங்கியவர்கள், தங்கியிருந்த இரண்டாவது வாரம் பேட்ரியட்ஸை 32-16 என்று அடித்தார்கள்.

ஆனால் ஓய்வு இருந்தாலே போதும் என்றும் இல்லை. அந்த வருஷம் முழு வாரமும் ஓய்வெடுத்துத் திரும்பிய பெங்கால்ஸ் டிசம்பர் 1 அன்று ஸ்டீலர்ஸிடம் சொந்த ஊரிலேயே 44-38 என்று கோட்டை விட்டார்கள்.

வெயில், பனி எல்லாம் கணக்கில் சேருமா?

வெயிலைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும்? மயாமி மைதானத்தில் சொந்த அணியின் பெஞ்ச் நிழலில் இருக்கும். விருந்தாளி அணி மொட்டை வெயிலில் காய வேண்டும். 2022 செப்டம்பர் 25 அன்று அங்கே போன பஃபலோ பில்ஸ் 90 முறை பந்தை வைத்து ஆடினார்கள். மயாமி 39 முறை மட்டுமே. இவ்வளவு ஆதிக்கம் செலுத்தியும், வெக்கையிலும் தசைப்பிடிப்பிலும் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேற, 21-19 என்று தோல்வி. டிசம்பர் 17 அன்று மயாமிக்காரர்கள் பஃபலோ போனார்கள். அங்கே பனி கொட்டியது. 32-29 என்று பில்ஸ் பழிதீர்த்தார்கள். இரு அணிகளும் மாறவில்லை. மாதத்தை மட்டும் இடம் மாற்றி வைத்திருந்தால் இரண்டு முடிவும் எப்படி இருந்திருக்குமோ.

சொந்த மைதானம்?

முன்பு அதற்கு மூன்று புள்ளி சாதகம் என்பார்கள், இப்போது அவ்வளவு இல்லை. காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடிய 2020-இல் சொந்த மைதான அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி. இரைச்சல் இல்லையென்றால் மைதானத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. 17 ஆட்டம் என்பதால் ஒரு கான்ஃபரன்ஸுக்கு 9 சொந்த ஆட்டம், மற்றதற்கு 8. வருஷம் மாற்றி மாற்றி வரும்.

ஒரே எதிரணி ஒருவருக்குக் கஷ்டமாகவும் இன்னொருவருக்குச் சுலபமாகவும் இருக்குமா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல எனக்கு வராது. இருந்தாலும் முயல்கிறேன்.

2024 செப்டம்பர் 15, இரண்டாவது வாரம். கான்சாஸ் சிட்டியில் பெங்கால்ஸ் 25-23 என்று முன்னிலை. சீஃப்ஸுக்கு நான்காவது, கடைசி வாய்ப்பு. அவர்களுடைய குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் எறிந்த பந்து பிடிபடவில்லை. ஆனால் எங்கள் ஆள் விதிமீறித் தடுத்தான் என்று நடுவரின் கொடி விழுந்தது. ஆட்டத்தின் கடைசி நொடியில் சீஃப்ஸின் பட்கர் 51 கஜத்திலிருந்து உதைத்த பந்து உள்ளே போனது. 26-25. முழுப் பலத்தோடு இருந்த சீஃப்ஸ் அது.

2025 ஜனவரி 5, பதினெட்டாவது வாரம். அதற்கு முந்தின நாள்தான் நாங்கள் பிட்ஸ்பர்க்கில் ஜெயித்து, தொடர்ச்சியாக ஐந்தாவது வெற்றியோடு 9-8 என்று முடித்திருந்தோம். பிளேஆஃப் போக வேண்டுமானால் டென்வர் பிராங்கோஸ் தோற்க வேண்டும், டால்ஃபின்ஸும் தோற்க வேண்டும். பிராங்கோஸின் எதிரணி யார் என்று பார்த்தால், 15 ஜெயித்து ஒன்றே ஒன்று தோற்றிருந்த சீஃப்ஸ்! தாளில் இதைவிடக் கஷ்டமான எதிரணி உலகத்தில் இல்லை. ஆனால் சீஃப்ஸ் கிறிஸ்துமஸ் அன்றே கான்ஃபரன்ஸில் முதலிடத்தை உறுதி செய்துவிட்டார்கள். மஹோம்ஸ் களத்தில் இறங்கவில்லை, இன்னொரு நட்சத்திரமான கெல்சி இறங்கவில்லை; கார்சன் வென்ட்ஸ் குவார்ட்டர்பேக். பிராங்கோஸ் 38, சீஃப்ஸ் 0. பிராங்கோஸ் உள்ளே, நாங்கள் வெளியே.

கணக்குப் புத்தகத்தில் இரண்டு ஆட்டமும் ஒரே எதிரணி, 15 வெற்றி, 2 தோல்வி. சீஃப்ஸ் செய்ததில் தப்பில்லை. பிளேஆஃபுக்குமுன் ஆட்களைக் காப்பாற்றுவது அவர்கள் உரிமை. அதற்கப்புறம் நான் அட்டவணையில் பதினெட்டாவது வாரத்துக்கு மை போடுவதையே விட்டுவிட்டேன்.

சீசன் முடிந்த பிறகு இந்த எண்ணால் பயன் உண்டா?

உண்டு, அதுவும் சட்டப்படி. வெற்றிக் கணக்கு சமமானால் யார் முன்னே என்று தீர்க்கும் பிளேஆஃப் சமன் முறிப்பு விதிகளில் நேருக்கு நேர் முடிவு, டிவிஷன் முடிவு என்று வரிசையாகத் தாண்டி வந்தபின் இதுவும் எட்டிப்பார்க்கும். அதிகம் வேலை செய்வது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில். 2024-இல் டைட்டன்ஸ், பிரவுன்ஸ், ஜயன்ட்ஸ் மூவரும் 3-14. இவர்களுக்குள் முதல் வாய்ப்பு டைட்டன்ஸுக்குப் போனது. மூவரில் அவர்களுடைய அட்டவணைதான் சுலபம். சுலபமான ஆட்களிடமே இத்தனை தோற்றாயே, அப்படியானால் நீதான் மூவரிலும் மோசம், இந்தா முதல் பரிசு என்கிறது விதி.

இந்த எண்ணில் ஓர் உள்குறை: நாம் ஜெயிக்க ஜெயிக்க எதிரணிகளின் கணக்கில் தோல்வி ஏறும், நம் அட்டவணை சுலபமாகத் தெரிய ஆரம்பிக்கும். நியாயமாகப் பார்க்க வேண்டுமானால் நம்மோடு ஆடிய ஆட்டங்களைக் கழித்துவிட்டுக் கூட்ட வேண்டும்.

இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்கு இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். அங்கே 20 அணிகளும் எல்லாரோடும் இரண்டு முறை ஆடி 38 ஆட்டம் முடிக்கின்றன. ஆகவே யாரோடு என்ற கேள்வியே இல்லை. எப்போது, எத்தனை நாள் இடைவெளியில், வாரநடுவே ஐரோப்பியப் போட்டிக்குப் போய்வந்த பிறகா என்பவை மட்டும் பொருந்தும்.

கடைசியில் 2024 பெங்கால்ஸ் அட்டவணை கஷ்டமா, இல்லையா?

சீசன் முடிந்தபின் மறுபடியும் கூட்டினேன். எதிரணிகளின் வெற்றி 289-இல் 138. அதாவது 0.478, நடுவைவிடச் சற்றே சுலபம். இந்த எண்ணை யாராவது நீட்டினால், கொஞ்சம் பிரித்துப் பாருங்கள் என்பேன்.

17-இல் 9 ஆட்டம் பிளேஆஃப் போன அணிகளோடு. மீதி 8-இல் எதிரே நின்றவர்களில் அதிகபட்சம் ஜெயித்தவர்கள் கவ்பாய்ஸ், 7 வெற்றி. நடுத்தர அணி என்று ஒன்றுகூட இல்லை. மலை, இல்லாவிட்டால் பள்ளம். 9 பெரிய ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டு. ரேவன்ஸிடம் இரண்டு முறையும் சேர்த்துத் தோற்ற வித்தியாசம் நான்கே புள்ளி. சீஃப்ஸிடம் ஒரு புள்ளி. அதற்கெல்லாம் அட்டவணையைத் திட்டலாம், திட்டினோம்.

பள்ளமான 8-இல் ஏழு ஜெயித்தோம். விட்ட ஒன்று, செப்டம்பர் 8, சீசனின் முதல் ஆட்டம், சொந்த மைதானம். எதிரே முந்தின வருஷமும் 4, அந்த வருஷமும் 4 என்று ஜெயித்த பேட்ரியட்ஸ். கோட்டைத் தொட ஒரு கஜம் இருக்கையில் எங்கள் டானர் ஹட்சன் கையிலிருந்து பந்து நழுவியது. அப்புறம் உயரே வந்த பந்தைப் பிடிக்கப்போய் சார்லி ஜோன்ஸ் தவறவிட்டார். 16-10. அதை ஜெயித்திருந்தால் 10-7, பிராங்கோஸும் 10-7, டிசம்பரில் அவர்களை 30-24 என்று நேருக்கு நேர் ஜெயித்திருந்ததால் உள்ளே போயிருப்பது நாங்கள்.

ஃப்ரிட்ஜ் தாளில் அந்த ஆட்டம்தான் முதல் வரி. பச்சை டிக், அதுவும் இரண்டு முறை அழுத்திப் போட்டது.